பழி குரோமியத்துக்கு, பாழ் உப்பால்

டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுழலும் டிரம்மை நிறுத்தி, உள்ளே கிடக்கும் தோலின் தடித்த பகுதியில் ஒரு சிறு துண்டு வெட்டுவார்கள். அதைத் தாளின் மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரைந்துகொள்வார்கள். பிறகு துண்டைக் கொதிக்கிற நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி வைப்பார்கள். கோட்டோடு பொருந்தினால் சரக்கு தேறியது. சுருங்கிச் சுருண்டு கிடந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பது கொலாஜன் என்ற புரதம். தோலின் உடம்பே அதுதான். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு. பச்சைத் தோலை நீரில் போட்டுச் சூடேற்றினால் ஏறக்குறைய 65 டிகிரியில் முறுக்கு தளர்ந்து தோல் சுருங்கிவிடும். மேலும் காய்ச்சினால் வஜ்ஜிரமாகக் கரையும். குரோமியம் உப்பு சேர்ந்த நீரில் தோலைச் சுழலவிட்டால், குரோமியம் அணுக்கள் அந்த இழைகளின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையே பிணைப்புப் போடுகின்றன. பிறகு 100 டிகிரியிலும் முறுக்கு அவிழாது. நீல நிறத்தில் ஈரத்தோடு வெளியே வரும் அந்தத் தோலுக்குத் தொழிலில் 'வெட் புளூ' என்று பெயர். உலகத்தில் செருப்புக்கும் ஷூவுக்கும் பைக்கும் போகிற தோலில் பெரும்பகுதி இந்த நீலத்தைத் தாண்டித்தான் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஆகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் துணை ஓடைகளையும் ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுகிற சொல் குரோமியம். பத்திரிகைச் செய்தி, ஆய்வேடு, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் அதுதான் வில்லன். ராணிப்பேட்டையில் ஓரிடத்தைப் பொறுத்தவரை அந்தப் பழி நியாயமானது. அங்கே பிறகு வருவோம். ஆனால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சுற்றுப்பட்ட ஊர்களில் கிணற்றைக் கெடுத்து, நஞ்சையைக் களராக்கி, நெல்லை வெளியேற்றியது பெரும்பாலும் நம் அடுக்களையில் இருக்கிற அதே சோடியம் குளோரைடு. சமையல் உப்பு. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. உப்பு என்றால் விஷம் மாதிரித் தோன்றுவதில்லையே!

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தின் ஓரத்தைத் தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது பாலாறு. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் பக்கம். ஆண்டில் சில வாரங்கள்தான் மேலே தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஓட்டம். மேலே காய்ந்து கிடக்கிற இந்த ஆற்றை நம்பி ஒரு நீர்நில வாழ்க்கையே இங்கே உண்டாயிற்று. ஆற்று மணலில் நீளப் பள்ளம் பறித்து, ஊறி வரும் நீரைச் சரிவு பார்த்துத் திருப்பிக் கரையேற்றும் ஊற்றுக்கால்கள் இருந்தன. மலைச்சரிவின் மழைநீரைத் தேக்கும் ஏரிகள் ஒன்றன் கலங்கல் வழிந்து அடுத்ததை நிரப்பின. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு, ஆயக்கட்டுக்குள் கிணறுகள்.

ஏரியின் வேலை மதகு வழியே பாயும் தண்ணீரோடு முடிவதில்லை. பாறை நாடு இது. கருங்கல்லுக்கு மேலே சிதைந்த பாறையும் மண்ணுமாக ஓர் அடுக்கு. அதன் வெடிப்புகளில் நிற்பதுதான் கிணற்று நீர். ஏரி நிரம்பினால் அதன் அடியிலிருந்து மெல்லக் கசிந்து அந்த அடுக்கை நிரப்பும். மதகு மூடியிருந்தாலும் கரைக்குக் கீழுள்ள கிணறு ஊறும். அதனால்தான் வறண்ட ஏரியையும் மேடுதட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கசிவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் இதன் வழியாகத்தான் நடந்தது.

தோல் தொழில் இங்கே திடீரென வந்து குதித்ததல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு, இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம். பிறகு பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே மேற்கே போயிற்று. உள்நாட்டுத் தோல் வந்து சேரவும், பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் போகவும் வழி பிறந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட அரைப்பதத் தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. தண்ணீர் பக்கத்தில், ஆவாரஞ்செடி காட்டில், ரயில் வாசலில், வேறென்ன வேண்டும்? அந்தக் காலத்து டேனரியும் நாற்றம் எடுத்தது, கழிவை வெளியே விட்டது. ஆனால் பட்டைப் பதனீடு மெதுவானது. ஒரு தோல் குழிக்குள் வாரக்கணக்கில் கிடக்கும். ஒரு டேனரி எவ்வளவுதான் ஓட்டினாலும் அந்த மந்தமே அதற்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது.

குரோமியப் பதனீடு அந்தக் கட்டை அவிழ்த்தது. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளரின் சோதனைகள் வழியாகச் சென்னைக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்துதான் குரோம்பேட்டைக்குப் பெயர் கிடைத்தது. (தினமும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.) இருந்தாலும் நம் டேனரிகளில் பெரும்பாலானவை பட்டையையே பிடித்துக்கொண்டிருந்தன. திருப்பம் வந்தது 1970-களில். பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் மலிவாக ஏற்றுமதி செய்து, வெளிநாட்டார் அதைப் பொருளாக்கி லாபம் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அதையொட்டி அரைப்பத ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் ஊக்கம் தந்தது. பொருளாதாரக் கணக்கில் அது சரியான முடிவுதான். ஆம்பூர் இன்று உலகப் பிராண்டுகளுக்கு ஷூ தைத்துத் தருவதற்கு அடிப்படை அது. ஆனால் தோலின் மதிப்புக் கூடும்போது அதன் கழிவும் நம் ஊரிலேயே தங்கும் என்ற வரி அந்தக் கணக்கில் இல்லை.

வாரக்கணக்கு வேலை ஒரு நாளில் முடிய ஆரம்பித்ததும் டிரம்கள் பெருகின. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் பின்னாளில் வைக்கப்பட்ட கணக்கு. நாளைக்குப் பத்து டன் ஓட்டினால் ஏறக்குறைய மூன்றரை லட்சம் லிட்டர்.

இனி உப்பு. மாட்டை உரித்ததும் சில மணி நேரத்தில் தோலில் பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க மலிவான வழி, தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்பை அள்ளிப் பூசி அடுக்கிவிடுவது. உப்பு நீரை உறிஞ்சி பாக்டீரியாவை முடக்கும். மூட்டை மூட்டையாக அப்படியே லாரியேறி ஆம்பூர் வரும். டேனரியில் முதல் வேலை, போட்ட உப்பையெல்லாம் கழுவி எடுப்பது. ஊறல் தொட்டியில் போட்டு நீரை மாற்றி மாற்றிக் கழுவுவார்கள். அந்த ஊறல் நீரில் லிட்டருக்குப் பல்லாயிரம் மில்லிகிராம் கரைந்திருக்கும், கிட்டத்தட்டக் கடல்நீர்.

அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை நீக்குவார்கள். ஜவ்வைச் சீவுவார்கள். பிறகு குரோமியம் ஏற வேண்டுமானால் தோல் அமிலமாக வேண்டும். அமிலத்தில் மட்டும் போட்டால் தோல் உப்பி வீங்கிக் கெட்டுவிடும். அந்த வீக்கத்தை அடக்க மறுபடியும் உப்பு போடுகிறார்கள். இந்தக் கட்டத்துக்கு 'பிக்கிள்' என்று பெயர். ஆக, ஒரு தோலுக்குள் உப்பு இருமுறை நுழைந்து இருமுறை வெளியேறுகிறது. செருப்பாகி உங்கள் காலுக்கு வரும்போது அதில் உப்பு அநேகமாக இல்லை. போட்டது அத்தனையும் டேனரி இருக்கும் ஊரில் இறங்கியிருக்கும்.

குரோமியத்தின் கதை இதிலிருந்து வேறுபட்டது. வழக்கமான முறையில் டிரம்மில் போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதத்தைத் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதி கழிவு நீரோடு போகிறது. இது மூவிணை குரோமியம். அமில நீரில் கரைந்திருக்கும். காரம் பட்டதும் பச்சைக் கூழாகப் படிந்துவிடும். மக்னீசியம் ஆக்சைடைப் போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் மறுபடி கரைத்துத் திரும்ப டிரம்முக்கே அனுப்பலாம். அதற்கான அமைப்புகள் டேனரிகளில் வந்தும்விட்டன. தப்பித்து வெளியே போனதும் தொலைதூரம் போகாது. ஏரியில் விட்டால் ஏரியின் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

உப்பு அப்படி நிற்காது. சோடியம் குளோரைடைப் படியவைக்க எந்த மருந்தும் இல்லை. எந்த பாக்டீரியாவும் அதைத் தின்னாது. சேறு பிடிக்காது, மணல் வடிகட்டாது. கழிவு நீர் தாழ்ந்த இடம் தேடி ஏரிக்கு வந்தது. ஏரி தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது; அடியில் கசிந்து கிணறுகளை ஊறவைத்தது. குரோமியத்தைச் சேற்றிலேயே நிறுத்திக்கொண்டு உப்பை மட்டும் கீழே அனுப்பியது. வறண்ட நாட்டில் தண்ணீர் சேர்க்க நூற்றாண்டுக்கணக்கில் கட்டிக் காத்த ஓர் ஏற்பாடு, உப்பைக் கிணறு கிணறாக விநியோகிக்கும் வலையாகிவிட்டது. பாலாற்று மணலும் அப்படித்தான். முன்பு ஆற்றில் ஆண்டுக்கொரு முறையாவது வெள்ளம் வந்து மணலைக் கழுவும். மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தடுப்புகள் எழுந்தன. இங்கே மணலை அள்ளினார்கள். கழுவ வருகிற தண்ணீரும் குறைந்தது, பிடித்துவைக்கிற மணலும் குறைந்தது.

கிணறு கெட்டதை ஊரார் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியிருக்கவில்லை. சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. வாயில் வைத்தால் கரிக்கும். கிணற்றுச் சுவரில் நீர்மட்டம் ஏறி இறங்கிய உயரம் வரைக்கும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வயலில் காலை வெயிலுக்கு வரப்போரம் வெளேரென்று தெரியும்.

பயிருக்கு என்ன ஆகிறது? ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே விதிதான் வேருக்கும். மண்நீரில் உப்பு ஏற ஏற, வேர் நீரை உள்ளிழுக்கக் கூடுதல் விசை செலவிட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் வயலில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் தாகத்தில் வாடும். நெல் இதில் மிகவும் பூஞ்சை. மண் சாற்றில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால், ஒவ்வொரு டெசிசீமனுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 12 சதவீதம் குறைகிறது என்பது வேளாண் விஞ்ஞானிகள் உலகெங்கும் பயன்படுத்தும் கணக்கு. தென்னை தாங்கும், ஆனால் காய் சிறுக்கும். வாழை தாங்காது.

இரண்டாவது அடி மண்ணின் மேல். களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பொலபொலவென்று வைத்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்த நீரைப் பாய்ச்சப் பாய்ச்ச, சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். துகள்கள் பிரிந்து நீரில் கலைந்து மண்ணின் துளைகளை அடைக்கும். காய்ந்தால் ஓடுபோல இறுகும். அப்புறம் மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. ஜிப்சம் போட்டால் கால்சியம் திரும்ப வந்து மண் மீளும் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. அப்படி விடுபட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் உண்டு. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழிவுநீரில் கரைந்த உப்புகளின் அளவு, இந்த வட்டாரத்தில் டி.டி.எஸ். என்றால் எல்லாருக்கும் புரியும், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்த விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதாகவே வைத்துக்கொள்வோம். 2,000 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பாய்ச்சுகிறோம். ஒரு போகத்துக்கு மொத்தம் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் 40 லட்சம் லிட்டர். அதோடு வயலுக்குள் வந்து சேரும் உப்பு 8 டன். நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மழை அதில் ஒரு பங்கைக் கழுவிக் கீழே இறக்கினால், அதே கிணற்றுக்குத்தான் போகும். அடுத்த போகத்துக்குப் பம்புசெட் அதை மறுபடி மேலே கொண்டுவரும். உண்மையில் பல ஆண்டுகள் ஓடைகளில் போனது விதியைப்போல் பல மடங்கு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்த நிலையில்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பை இந்தியச் சட்டக் கல்லூரிகளில் படிக்காத மாணவர் இல்லை. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் வட்டாரங்களில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நஷ்டத்தை மதிப்பிட ஒரு தனி ஆணையம்.

அந்த ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்றும், இழப்பீடு 26.82 கோடி ரூபாய் என்றும் முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. தீர்ப்பு வந்த அதே 1996-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில், நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததற்காக ஓர் எரிவாயு–மின் நிறுவனம் அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு 33.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து அதைப் படமாகவும் எடுத்துவிட்டார்கள். ஆம்பூருக்கு அந்த யோகம் இல்லை.

ஹிங்க்லியில் கலந்தது ஆறிணை குரோமியம். டேனரி டிரம்மில் இருப்பது மூவிணை. பெயர் ஒன்று, குணம் வேறு. ஆறிணை குரோமியம் நீரில் குரோமேட்டாகக் கரைந்து எதிர்மின் சுமையோடு திரியும். களிமண்ணும் எதிர்மின் சுமை உடையது என்பதால் அதைப் பிடிக்காது. நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். உருவத்தில் சல்ஃபேட் போலிருப்பதால் நம் உடலின் செல்கள் சல்ஃபேட் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். உள்ளே போனபின் அது மூவிணையாக மாறும் வழியில் மரபணுவைச் சிதைக்கும். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். மூவிணை குரோமியம் மண்ணில் உள்ள மாங்கனீஸ் ஆக்சைடோடு வினைபுரிந்து ஆறிணையாக மாறுவதும் உண்டு, ஆனால் மிக மெதுவாக. குரோமியம் ஏறிய தோலைச் சீவும்போது உதிரும் ஷேவிங் தூளைக் கண்ட இடத்தில் கொளுத்துவது அந்த மாற்றத்தை வேகப்படுத்துகிற முட்டாள்தனம்.

ராணிப்பேட்டையில் வந்தது நேரடியாகவே ஆறிணை. அங்கு 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை தோல் பதனிடவில்லை. பதனிடுவோருக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து, குரோமேட்டைக் கரைத்து எடுத்துவிட்டு, சக்கையை வளாகத்திலேயே குவித்தார்கள். 1990-களின் நடுவில் ஆலை மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கை அங்கேயே நின்றது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சளாக நீர் இறங்கி நிலத்தடிக்கும் அக்கம்பக்க ஏரிப் பக்கமும் போனது. பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-இல் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது இந்தக் குவியலால்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே இதே வகை ஆலை ஒன்று 1960-களில் மூடப்பட்டது. அதன் சக்கையிலிருந்து கசியும் நீர் அரை நூற்றாண்டு கழித்தும் அங்கே ஓடையைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டைக் குவியலுக்கு அவசரமில்லை என்று நினைப்பவர்கள் அந்த ஓடையைப் பார்த்துவிட்டு வரலாம்.

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வரிசையாக எழுந்தன. அவை கரிமக் கழிவைக் குறைத்தன, சல்ஃபைடை அடக்கின, குரோமியத்தைச் சேற்றில் படியவைத்தன. வெளியே வந்த நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தது. உப்பு மட்டும் போனபடியே போனது. தெளிந்த நீரைப் பார்த்து அதிகாரிகள் திருப்திப்பட்டதும், கிணறு மேலும் கரிப்பதைப் பார்த்து விவசாயிகள் கொதித்ததும் இரண்டும் உண்மை. இருவரும் வேறு வேறு பொருளை அளந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் 'சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது' என்ற கட்டாயம் வந்தது. நீரை அழுத்தம் கொடுத்து ஆர்.ஓ. சவ்வு வழியே தள்ளினால் நல்ல நீர் ஒரு பக்கம், அடர்ந்த உப்பு நீர் மறுபக்கம். நல்ல நீர் டேனரிக்கே திரும்பும். உப்பு நீரை அடுக்கடுக்கான ஆவியாக்கிகளில் காய்ச்சி வற்றவைத்தால் அடியில் உப்பு கிடைக்கும். விறகோ நிலக்கரியோ மின்சாரமோ எரித்துக் கடல்நீரை வற்றவைப்பதற்குச் சமமான வேலை. செலவு டேனரிக்காரர்களின் கழுத்தைப் பிடிக்கிறது என்பது பொய்யில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தில் உப்பை உப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் ஏற்பாடு இதுதான். கிடைக்கிற உப்பு வெள்ளையாகவும் இருக்காது, சுத்தமாகவும் இருக்காது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் கரிமப் பொருளும் கலந்த பழுப்புக் கலவை. வாங்க ஆளில்லை. புதைத்தால் மழையில் கரையும். கொட்டகைக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். முன்பு கிணறு முழுக்கப் பரவிய பொருள் இப்போது கூரைக்குக் கீழே குவியலாக நிற்கிறது. அது முன்னேற்றம்தான். ஆனால் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய முன்னேற்றம்.

கழிவைக் குவித்துவைப்பதில் உயிர்ப் பலியும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சேற்றுக் கழிவைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இதைத் தவிர, மூடிய தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவர்களும் உண்டு. அதன் வேதியியல் எளிமையானது: சுண்ணாம்புக் கட்டத்தின் சல்ஃபைடு நீரும் பிக்கிள் கட்டத்தின் அமில நீரும் ஒரே தொட்டியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். வாயு அடர்ந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அந்த நொடிதான் ஆபத்து.

இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டு டேனரிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்து, வழக்கைத் தொடர்ந்து கண்காணிக்கவும் முடிவு செய்தது. இதற்குள் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. இந்த ஊர்களில் டேனரிக்கு எதிராக மனுப் போட்ட வீட்டிலிருந்தே காலையில் ஒருவர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் சகஜம். கிணறு செத்த குடும்பத்துக்குச் சம்பளம் தருகிற கை அதுவே. தொழிலை மூடு என்று வெளியூரில் உட்கார்ந்து எழுதுவது எளிது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேறு என்ன செய்யலாம்? உப்பு ஏன் வந்தது என்பதில்தான் விடையும் இருக்கிறது. குரோமியம் தோலைப் பதப்படுத்த வருகிறது. உப்பில் பெரும்பங்கு வருவது தோல் தூரத்திலிருந்து வருவதால். உரித்த சில மணி நேரத்தில் டிரம்முக்குப் போகிற தோலுக்குக் கெடாமல் காக்கும் அந்த முதல் உப்பு தேவையே இல்லை. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத் தோலை நம்பியிருந்த டேனரிகள் இப்போது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சரக்கு வரவழைக்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிவருகிற லாரிக்குள் தோல் கெடாமலிருக்க அந்த உப்பு. ஊறலுக்கு முன் தோலைக் கூண்டு டிரம்மில் உலர்வாகச் சுழற்றி, ஒட்டாத உப்பை உதறி எடுப்பது ஒரு வழி, கொஞ்சம் குறையும். பிக்கிள் உப்பையும் தண்ணீரையும் தவிர்க்கும் குரோமியப் பதனீட்டு முறைகளை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது; அது இரண்டாவது உப்பைக் குறைக்கும். முதல் உப்பு போக வேண்டுமானால், முடி நீக்கிக் குரோமியம் ஏற்றும் வேலையை மாடு உரிக்கும் இடத்துக்கு அருகிலேயே முடித்து, வெட் புளூவாக ஆம்பூருக்கு அனுப்ப வேண்டும். வெட் புளூவுக்கு உப்பு வேண்டாம். வெளிநாட்டு வெட் புளூவை இறக்குமதி செய்து ஓட்டும் டேனரிகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. அந்தத் தோலின் உப்பும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் அது புறப்பட்ட நாட்டிலேயே, அங்குள்ள ஏதோ ஓர் ஆற்றங்கரையில் இறங்கிவிடுகின்றன. நம் நாட்டுக்குள்ளும் அதையே செய்தால் பாலாற்றுக்கு நிம்மதி. ஆனால் எந்த ஆற்றங்கரை ஊர் அதை ஏற்கச் சம்மதிக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.